அம்போசெலியில் சம்பந்தி மரியாதை

இல்லை சார், ஜன்னல் ஓரம் நீங்களே உட்காருங்கள். எனக்கு எந்த ஓரமும் வேண்டாம். நான் இந்த பஸ்ஸில் வருவதே ஒரு கடமைக்காகத்தான். அதோ முன்னால், டிரைவருக்குப் பின் சீட்டில், மடியில் தாம்பாளத்தோடு ஒரு பச்சைப் புடவை தெரிகிறதா? என் மனைவி கோமதி. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அவளை ஒரு ஆட்டோவில் ஏற்றிவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் கோவில்பட்டிக்குத் திரும்பிவிடுவேன்.

என்ன விசேஷம் என்று கேட்கிறீர்களா? கேட்கவில்லை. சரி, ஆனாலும் சொல்கிறேன். என் மருமகள் யமுனாவுக்கு இன்றைக்கு வளைகாப்பு. எனக்கு ஒரே மகன், அவனுக்குத் தலைப்பிள்ளை. முறைப்படி எங்கள் வீட்டில்தான் நடக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து நேராகத் தாய் வீட்டுக்கு வந்து இறங்கினாள், இனி அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். பிறக்கப்போகிற பிள்ளையின் தாத்தா நான். நான் போகவில்லை. ஏன் போகவில்லை? அங்கேதான் சார் ஆப்பிரிக்கா வருகிறது.

என் பெயர் சங்கரலிங்கம். ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். மரியாதைக்கு அலைகிற ஆள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்வீஸில் இருக்கும்போது நான் போகிற ஊரில் நாற்காலி கொண்டுவந்து போடுவார்கள். போடாத ஊரிலும் நின்றுகொண்டே வேலை பார்த்திருக்கிறேன். அந்த ஊர்கள் பெயரெல்லாம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

என் சம்பந்தி வையாபுரி, திண்டுக்கல்லில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். அதிகம் பேசமாட்டார். அதை அடக்கம் என்று நினைத்துத்தான் பெண் எடுத்தேன். கல்யாணத்துக்கு அவரிடம் ஒரு குண்டூசி கேட்டதில்லை. பையனுக்கு நடந்து பழக்கமில்லை என்று மட்டும் ஒரு வார்த்தை சொன்னேன். அவர்களாக ஆசைப்பட்டு ஒரு கார் வாங்கிக் கொடுத்தார்கள். பையன் நைரோபியில் வேலை கிடைத்து யமுனாவோடு போய்விட்டான். கார் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. அதை நான் தொடுவதில்லை, மார்க்கெட்டுக்குப் போவதோடு சரி. பிறகு இன்றைக்கு ஏன் பஸ்ஸில் வருகிறேன் என்றால், அவர் கொடுத்த காரிலேயே போய் அவர் வாசலில் இறங்குவேனா? நீங்களே சொல்லுங்கள்.

என் மகன் பெயர் நெல்லையப்பன். அங்கே அவனை மிஸ்டர் அப்பன் என்று கூப்பிடுகிறார்கள், அவனும் திரும்பிப் பார்க்கிறான். போன வருஷம் அவன்தான் எங்கள் இரண்டு ஜோடியையும் சேர்த்து வரவழைத்தான். அம்போசெலி என்று ஒரு தேசியப் பூங்கா. யானை, சிங்கம், சிறுத்தை எல்லாம் கூண்டு இல்லாமல் திரிகின்றன. தூரத்தில் கிளிமஞ்சாரோ மலை. பக்கத்தில் மசாய் மக்களின் ஊர். இதெல்லாம் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம் என்றான். பார்த்துவிட்டார்கள். என்னைத் தவிர எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

முதல் நாள் பூங்கா வாசலில் வேன் வந்து நின்றது. டிரைவர் சங்காலே, அந்தப் பக்கத்து மசாய் ஆள். நெடுநெடுவென்று உயரம், நல்ல இங்கிலீஷ். முன்னால் அவன் பக்கத்தில் ஒரே ஒரு சீட். அது யாருக்கு என்று நான் யோசிக்கவே இல்லை. மாப்பிள்ளையின் அப்பா நான். வையாபுரியும் முறை தெரிந்தவர் மாதிரி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏறுங்க சம்மந்தி."

"சேச்சே, நீங்க ஏறுங்க."

"அட, நீங்க ஏறுங்க."

"இருக்கட்டும், நீங்க முதல்ல."

முதல் தடவை சொன்னதுமே ஏறினால் அலைகிறவன் என்று அர்த்தம். இரண்டாம் தடவையும் மறுக்க வேண்டும். மூன்றாவது தடவை சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம். சாப்பாட்டுப் பந்தியில் பாயசத்துக்கு நாம் செய்வதில்லையா, அதுதான். சங்காலே எஞ்சினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தான். கோமதியும் சம்பந்தி அம்மா திலகமும் எப்போதோ பின்னால் ஏறி முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள். அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் 'மதினி' போட்டுப் பேசிக்கொள்வார்கள். பெண்களுக்கு இதிலெல்லாம் ஒரு பொறுப்புக் கிடையாது.

மூன்றாவது தடவை சொன்னார், ஏறினேன். அப்புறம்தான் தெரிந்தது. அந்த வேனுக்குக் கூரை மேலே தூக்கிக்கொள்கிறது சார். பின்னால் இருப்பவர்கள் எழுந்து நின்று நாலு பக்கமும் பார்க்கலாம். முன் சீட்டுக்கு அது கிடையாது. கண்ணாடியில் அடிபட்டுச் செத்த பூச்சிகளும் அதற்கு அப்பால் புழுதியும்தான் தெரியும். பின்னாலிருந்து, "ஐயோ மதினி, யானைக்குட்டி பாருங்க, தாயோட வாலைப் பிடிச்சிட்டுப் போகுது" என்று சத்தம் கேட்கும். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் வேன் நகர்ந்துவிடும். "அப்பா, பின்னால வாங்களேன்" என்று மகன் ஒரு தடவை கூப்பிட்டான். முன் சீட்டைக் கேட்டு வாங்கிவிட்டு, அதாவது அவர்கள் வற்புறுத்திக் கொடுத்த பிறகு, பின்னால் போனால் என்ன நினைப்பார்கள்?

சாயங்காலம் ஒரு கரையான் புற்றின் மேல் சிறுத்தை நின்றது. சங்காலே வண்டியை நிறுத்தி, யாரையும் இறக்காமல், சத்தம் போடாமல் பார்க்கச் சொன்னான். தூரம் அதிகம். வெறுங்கண்ணுக்கு ஒரு மஞ்சள் புள்ளி. எங்களிடம் பைனாக்குலர் ஒன்றுதான். அது வையாபுரி கையில் இருந்தது. அவர் தன் கண்ணில் வைக்காமல் முன்னால் எட்டி என்னிடம் நீட்டினார். அந்த மட்டும் நல்ல மனுஷன்தான்.

"நீங்க பாருங்க சம்மந்தி."

"நீங்க பாத்துட்டுக் கொடுங்க."

"இல்ல, நீங்க பாருங்க."

"எனக்கென்ன அவசரம். நீங்க பாருங்க."

சிறுத்தை எழுந்து சோம்பல் முறித்தது என்று கோமதி சொன்னாள். வையாபுரி எச்சில் விழுங்கிக்கொண்டு மூன்றாவது தடவையும் சொன்னார். வாங்கிக் கண்ணில் வைத்தேன். புற்று தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது, ஒவ்வொரு ஓட்டையும் தெரிந்தது. சிறுத்தை போய்விட்டது. பைனாக்குலரைத் திருப்பிக் கொடுத்து, "அருமை" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? வையாபுரியும் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆமாமா, அருமை" என்றார்.

சங்காலே என் மகனிடம், "உங்கள் மதத்தில் மிருகத்தைப் பார்க்கும் முன்னால் சொல்லும் பிரார்த்தனையா அது?" என்று கேட்டான். என் மகன் ஆமாம் என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் விடியலில் மலை. கிளிமஞ்சாரோ காலையில் கொஞ்ச நேரம்தான் முகம் காட்டும், வெயில் ஏறினால் மேகம் மூடிக்கொள்ளும் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்கள். நான் முன்னதாகவே குளித்து, விபூதி பூசி, சால்வை போட்டுக்கொண்டு கூடாரத்துக்குள் தயாராக உட்கார்ந்திருந்தேன். கூடாரம் என்றால் கட்டில், குளியலறை எல்லாம் வைத்த கூடாரம். வெளியே வையாபுரி குரல் கேட்டது. "சம்மந்தி, வாங்க, மலை தெரியுது." எங்கிருந்து சொன்னார் தெரியுமா? அவருடைய கூடாரத்து வாசலிலிருந்து. காபிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே. கூப்பிடுவதற்கு ஒரு விதம் இருக்கிறதா இல்லையா? நாலு எட்டு நடந்து வந்து, திரைச்சீலைப் பக்கம் நின்று, "வாங்க" என்றால் குறைந்தா போய்விடுவார்? வருவார் என்று உட்கார்ந்திருந்தேன்.

கோமதி என்னைப் பார்த்தாள். "நீங்க வரலையா?"

"கூப்பிடட்டும்."

"கூப்பிட்டாச்சே."

"அது கூப்பிடுறதா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். வெள்ளிக் கவசம் சாத்தின மாதிரி இருந்தது, அடிவாரத்தில் யானைகள் வரிசையாகப் போயின என்று இன்றுவரை அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் வெளியே வந்தபோது ஒரு பெரிய மேகம் இருந்தது. அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

இதெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை சார். உண்மையான விஷயம் மசாய் ஊரில்தான் நடந்தது.

முள் வேலி போட்டு, நடுவில் மாடு கட்ட இடம் விட்டு, சுற்றிலும் சாணமும் மண்ணும் பூசின வீடுகள். சிவப்புப் போர்வை போர்த்திய பையன்கள் பாடிக்கொண்டே எம்பிக் குதித்தார்கள். முழங்கால் மடங்காமல் நின்ற இடத்திலேயே அத்தனை உயரம். என் மகனும் குதித்தான். அவன் குதித்தான் என்று அவன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. எல்லாம் முடிந்து அந்த ஊர்ப் பெரியவர் வந்தார். காதுமடல் தோளைத் தொடுகிறது, கையில் ஒரு கோல். சங்காலே மொழிபெயர்த்தான்.

யமுனாவைக் காட்டி, "இந்தப் பெண்ணின் அப்பா யார்?" என்று கேட்டார் பெரியவர்.

வையாபுரி கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. உடனே ஒரு முக்காலி வந்தது. அந்த ஊரிலேயே அது ஒன்றுதான் இருந்ததோ என்னவோ, வேறு எதுவும் வரவில்லை. வையாபுரியை அதில் உட்கார வைத்தார்கள். நான் என் முக்காலிக்காகக் காத்திருந்தேன்.

"பையனின் அப்பா யார்?"

சால்வையைச் சரிசெய்துகொண்டு ஓர் அடி முன்னால் வைத்தேன்.

"எத்தனை மாடு கொடுத்தீர்கள்?"

எனக்குப் புரியவில்லை. சங்காலே விளக்கினான். அங்கே பையன் வீட்டார்தான் பெண்ணின் அப்பாவுக்கு மாடு கொடுத்துப் பெண் எடுக்க வேண்டுமாம். நான் பொறுமையாக, எங்கள் ஊரில் அந்தப் பழக்கம் இல்லை என்றேன்.

"ஆடு?"

"இல்லை."

"தேன்?"

"இல்லை."

"ஒரு போர்வைகூடவா இல்லை?" என்றார். சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் என் மகன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். படித்தவன் இல்லையா, இருக்க முடியவில்லை. "எங்கள் ஊரில் பெண் வீட்டில்தான் கொடுப்பார்கள். மாமா எங்களுக்குக் கார் கொடுத்தார்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டான். சங்காலே அதை மொழிபெயர்த்தான். பெரியவர் திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னான். பெரியவர் வையாபுரியை ஏற இறங்கப் பார்த்தார்.

"பெண்ணையும் கொடுத்து, காரையும் கொடுத்தாயா?"

வையாபுரி தலையாட்டினார்.

"பெண்ணுக்கு என்ன குறை?"

யமுனா முந்திக்கொண்டாள். "ஒரு குறையும் இல்லன்னு சொல்லுங்க."

பெரியவர் என் மகனைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தார். கணுக்காலைப் பார்த்தார். பல்லைப் பார்த்தார். பிறகு என்னிடம் ரொம்பப் பரிவாக, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அப்படியானால் பையனுக்குத்தான் குறையா?"

அப்போதுதான் வையாபுரி சிரித்தார்.

சாதாரணச் சிரிப்பு இல்லை சார். அந்த மனுஷன் கல்யாணத்தில்கூடச் சிரிக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்தபடி குலுங்கிக் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதைப் பார்த்து திலகம். திலகத்தைப் பார்த்து கோமதி. என் பெண்டாட்டி சார். கூட்டமே சிரித்தது. ஒரு கன்றுக்குட்டி பயந்து ஓடிப்போனது.

நான் உட்காரலாமா என்று சைகையில் கேட்டேன். பெரியவர் கோலை நீட்டித் தடுத்தார். மாடு பாக்கி வைத்திருப்பவன் பெண்ணின் அப்பா முன்னால் உட்காரக் கூடாதாம், அடுத்த தடவை ஒரு கிடாரியாவது ஓட்டிக்கொண்டு வந்தால் உட்காரலாமாம். கோவித்துச் சொல்லவில்லை. நல்லபடியாகத்தான் சொன்னார். கடைசியில் தன் கையிலிருந்த கோலை வையாபுரிக்கு மரியாதையாகக் கொடுத்தார். எனக்குப் பாசிமணி வளையல் கொடுத்தார்கள், விலைக்கு.

திரும்பி வேனுக்கு வந்தோம். நான் முன் கதவுப் பக்கம் போய் நின்றேன். நின்றேன் என்றால், அவர் சொல்லட்டும் என்று நின்றேன். அவர் கோலோடு வந்தார், கதவைத் திறந்தார், ஏறினார், சாத்திக்கொண்டார். "ஏறுங்க சம்மந்தி" என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. நான் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

இப்போதுதான் சிங்கம் வருகிறது. வேலமரம் மாதிரி ஒரு மரம், அதன் நிழலில் பிடரி மயிரோடு ஆண் சிங்கம். எங்கள் வேனுக்கு இவ்வளவு பக்கம், உங்களுக்கும் கண்டக்டருக்கும் இருக்கிற தூரம். கூரையைத் தூக்கினார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். என் மகன், "அப்பா எந்திரிங்க, கொட்டாவி விடுது பாருங்க" என்றான். கோமதி என் தோளைத் தட்டினாள்.

நான் எழுந்திருக்கவில்லை.

எப்படி எழுந்திருப்பேன்? ஒரு ஊரே பார்க்க என்னை நிற்க வைத்தாயிற்று. இங்கே அவர் ஜம்மென்று முன் சீட்டில் உட்கார்ந்திருக்க, நான் மறுபடியும் அவருக்குப் பின்னால் நிற்பதா? சிங்கமே வந்தாலும் நிற்கமாட்டேன் என்று இருந்தேன். சிங்கம்தான் வந்திருந்தது. என் ஜன்னல் அந்தப் பக்கம் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கோமதியின் முழங்கையும் வையாபுரியின் பின்மண்டையும்தான். ஒரு வாடை வந்தது, அது சிங்கத்துடையதா திலகம் கொண்டுவந்த புளியோதரையுடையதா என்று சொல்ல முடியவில்லை.

அன்றிலிருந்து அவரோடு பேச்சு இல்லை. சிங்கம் பார்க்காததற்காக இல்லை. அவர் சிரித்ததற்கு ஒரு வார்த்தை, "தப்பா எடுத்துக்காதீங்க சம்மந்தி" என்று ஒரு வார்த்தை, சொல்லியிருக்கலாம் அல்லவா?

வளைகாப்புக்கு அழைத்தார்களா என்று நீங்கள் கேட்கலாம். அழைக்க வந்தார்கள். நான் வீட்டில் இல்லாத நேரத்தில் வந்தார்கள். வருகிறோம் என்று காலையிலேயே போன் பண்ணியிருந்தார்கள், அதனால்தான் நான் வெளியே போனேன். வந்தவுடன் நான் எதிரே உட்கார்ந்திருந்தால் எதிர்பார்த்துக் காத்திருந்த மாதிரி ஆகிவிடாதா? பக்கத்துத் தெரு பிள்ளையார் கோவிலில் உட்கார்ந்து, என்னைத் தேடி வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை பாக்கு பழம் எல்லாம் கோமதியிடம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வரை உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். இன்னும் அரை மணி நேரம் இருந்திருந்தால் நானே போயிருப்பேன். பொறுமை இல்லாத மனுஷர்கள்.

இன்றைக்குக் காலையில் யமுனா போன் பண்ணினாள். நல்ல பெண் சார் அவள். இதில் அவளை நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். "மாமா, வந்துருங்க" என்றாள். "உடம்பு எப்படிம்மா இருக்கு" என்றேன். "நல்லா இருக்கேன். பாப்பா ராத்திரியெல்லாம் உதைக்குது. நீங்க வந்து ஆசீர்வாதம் பண்ணணும் மாமா" என்றாள். இரண்டு தடவை ஆயிற்றா? இன்னொரு தடவை சொன்னால் சரி என்று சொல்ல வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். சிக்னல் போய்விட்டது.

கோமதியிடம் நேற்றே சொல்லிவிட்டேன், பஸ் ஸ்டாண்டோடு நான் திரும்பிவிடுவேன் என்று. அவள் "சரி" என்றாள். அவ்வளவுதான். ஏன், எதற்கு, வாங்களேன் என்று எதுவும் இல்லை. சரியாம். ஏறினதிலிருந்து இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

புதுச் சட்டையைப் பார்க்கிறீர்களா? திரும்பிப் போகிறவன் கசங்கின சட்டை போட்டுக்கொண்டுதான் போக வேண்டும் என்று இருக்கிறதா? பையில் இருப்பது ஒன்றும் இல்லை, குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு. பிறக்கிறதுக்கு முன்னால் வாங்கக் கூடாது என்பார்கள், தெரியும். கடையைத் தாண்டிப் போகும்போது வாங்கிவிட்டேன். கோமதிக்குத் தெரியாது. அதைக் கொடுக்கவாவது யாராவது ஒருத்தர் இந்தப் பக்கம் வர வேண்டும்.

சின்னாளப்பட்டி தாண்டிவிட்டது போலிருக்கிறது. நீங்கள் எங்கே இறங்க வேண்டும்? திண்டுக்கல்லேயா? சொந்த ஊரே அதுதானா? எந்தப் பக்கம்? அட, நாகல் நகர். அவர்கள் வீடும் அங்கேதான்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்கக் கூடாது. நான் உங்கள் ஊருக்கு வந்திருக்கிற வெளியூர்க்காரன். நீங்கள் உள்ளூர்க்காரர். வெளியூர்க்காரனைப் பார்த்து உள்ளூர்க்காரர் ஒருவர், "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, அந்த விசேஷத்துக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்று சொல்வது சாதாரணமாக எல்லோரும் செய்வதுதானே? அப்படி நீங்களாக ஒரு வார்த்தை சொன்னால் என்னால் தட்ட முடியாது. சம்பந்தி கூப்பிட்டு நான் போனதாக ஆகாது. திண்டுக்கல் கூப்பிட்டுப் போனதாக ஆகும். ஒரு ஊரே கூப்பிடும்போது போகாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? வளைகாப்புச் சாப்பாடு உங்களுக்கும் உண்டு, திலகம் ஏழு வகைச் சாதம் பண்ணுவாள், நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பிவிட்டான். கோமதி எழுந்துவிட்டாள் பாருங்கள், தாம்பாளத்தை எடுத்துக்கொண்டாள். சீக்கிரம் சொல்லுங்கள் சார். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், அவள் காதில் விழ வேண்டும்.